நாறிய மாவுக்கட்டு

1943 மார்ச் 9, செவ்வாய். காலை ஐந்தே காலுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தரி, இடுக்கிகளை வேகவைத்தேன். ஏழு மணிக்குள் துணிப்பட்டிகளை உருட்டி முடித்தேன். எட்டரைக்குள் ஒன்பது பேருக்குப் புண் கழுவிக் கட்டினேன். பத்தாவது கட்டிலுக்கு என் கை தேவைப்படவில்லை.

அதில் கிடந்தவர் ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர், வட ஆற்காட்டுக்காரர். வண்டிச் சக்கரம் உருண்டு, இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. சதையும் நைந்துபோயிருந்தது. முன்பென்றால் காலையே எடுத்திருப்பார்கள். இல்லையென்றால் நான் தினமும் இருவேளை புண் கழுவியிருப்பேன். இம்முறை சர்ஜன் செத்த சதையை வெட்டி நீக்கி, எலும்பை நேராக்கி, தையல் போடாமல் வாசலின் களிம்பு தடவிய துணியை அடைத்து, புண்ணின் மேலேயே மாவுக்கட்டுப் போட்டார். நாறினாலும் ஆறு வாரம் பிரிக்கக் கூடாது என்றார். கூட நின்று கட்டைச் சுற்றியவன் பட்டாளத்திலிருந்து வந்த, புண்ணுக்குக் கட்டுப் போடும் புது டிரஸ்ஸர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். யுத்த ஆஸ்பத்திரியில் இந்த முறையைப் பழகியிருந்தான். "அவனைக் கூப்பிடு" என்று சர்ஜன் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. பத்தொன்பது வருஷமாக இங்கே டிரஸ்ஸர் நான்; என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அன்று கட்டுப் போட்டுப் பதினைந்தாம் நாள். நாற்றம் வார்டு முழுக்க வீசியது. பக்கத்துக் கட்டில்கார பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நக்கோ பாபா, வேணாம்! என்னை வராந்தாவிலே போடுங்க" என்றார்.

புதியவன் சிரித்தான். "நாறட்டும் பாய். ஜுரம் இல்லையே!"

ஜுரம் இல்லைதான். அட்டையில் 98.4 என்று எழுதியவனே நான்தான். கால்விரல்கள் நல்ல நிறத்தில், வெதுவெதுப்பாக இருந்தன. மதியம் சாப்பாடு கொண்டுவந்த பிட்டரின் மனைவி என்னைத் தனியே அழைத்தாள்.

"அண்ணே, உள்ளே அழுகுதா?"

"நாத்தம் வந்தா வேறென்னம்மா?" என்றேன். சொன்னபோது இனித்தது.

அவள் நேரே புதியவனிடம் போய்க் கட்டைப் பிரிக்கச் சொன்னாள். அவன் மறுத்தான்.

"அழுகுதுன்னு பெரிய டிரஸ்ஸரே சொல்லிட்டாரு. நேத்து வந்த உனக்கு என்னய்யா தெரியும்? நாளைக் காலை வண்டியிலே புத்தூர் எலும்பு வைத்தியர்கிட்டே கூட்டிட்டுப் போறேன். அங்கே இதைப் பிரிச்சுப் போட்டுட்டு, பச்சிலை வச்சு மூங்கில் கட்டுவாங்க."

புதியவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து பட்டி உருட்டினேன். சர்ஜன் வெளியூர், போலாரம் போயிருந்தார். மறுநாள் மதியம்தான் வருவார்.

இரவு படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். பிரித்தால் எலும்பு நகரும். ஆறிவரும் புண்ணில் அழுக்கு ஏறும். பிறகு அந்தக் கால் தங்காது.

புதன் காலை முதல் வேலையாக, ஐந்து மணிக்கு, ஒர்க்‌ஷாப் காலனிக்குப் போனேன். அவள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் சொன்னது பொய்யம்மா. கால் நல்லா இருக்கு. இந்தக் கட்டு நாறத்தான் செய்யும்."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் போட்ட கட்டும்மா அது" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.