தாளுக்குப் பின்னால் சொன்ன சொல்

செய்தி வந்தபோது நான் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் என் மனைவி சொல்லியிருக்கிறாள், எனக்கு எட்டவில்லை. முன்னால் வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "தவமணியக்கா போயிட்டாக" என்றாள். உதட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

தத்தனேரி மயானத்தில் ஆளாளுக்கு அவரைப் பொறுமைசாலி என்றார்கள். சிம்மக்கல்லில் அவர் நடத்திய செவித்திறன் நிலையத்துக்கு வந்துபோன நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பொய்யில்லை. காது கேளாத ஒரு குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து, 'அம்மா' என்ற ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் நான் கூடவே வேலை பார்த்த தவமணியக்கா எதையும் மறக்காதவர், லேசில் மன்னிக்காதவர். "மன்னிக்கிறது சாமி வேல பாண்டி. நான் மிஷின வச்சுப் பாக்குறவ" என்பார். அதை யாரும் மயானத்தில் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

செல்லூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தறி ஓடும்போது அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அதனால் காது போனது எனக்கே தெரியவில்லை. ஒருநாள் முதலாளி பின்னாலிருந்து கத்தியிருக்கிறார், நான் திரும்பவில்லை, தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முழுக்க வீணாகிவிட்டது. "மூஞ்சிக்கு நேரா சொன்னா பதில் சொல்றான். பின்னால சொன்னா மட்டும் செவுடாம். நடிக்கிறான்" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார். அதோடு விடாமல் மற்ற தறிக்கூடங்களிலும் சொல்லிவைத்தார். அந்தச் சொல்லால் எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. மனைவி நூல் சுற்றித்தான் அடுப்பெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என் மகளை 'நடிகர் மக' என்று கூப்பிட்டார்கள். இந்தக் கட்டுரையில் அந்த முதலாளிக்குப் பெயர் கிடையாது.

யாரோ சொல்லித்தான் சிம்மக்கல் மாடி ஏறினேன். டவுன் பஸ் சத்தமும் சரக்கு இறக்கும் சத்தமும் தொடங்கும் முன்பே, விடிந்ததும் விடியாததுமாகக் காது பரிசோதனையை முடித்துவிடுவார் அக்கா. சுவரெல்லாம் மெத்தை வைத்து ஆணி அடித்த சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார். பல நேரம் விரல் தூங்கியே கிடந்தது. கட்டம் போட்ட தாளில் கோடு சரிந்து இறங்கியது. "சத்தம் கேக்கும், சொல்லு பிடிபடாது. தறி தின்ன காது இது" என்று எழுதிக் காட்டியவர், அடுத்துக் கேட்டது ஒன்றுதான். "ஒங்கள நடிக்கிறான்னு சொன்னது யாரு?"

தொழிலாளர் அலுவலகத்தில் என்னைப் புகார் கொடுக்கவைத்து, விசாரணைக்கு அவரே என்னோடு வந்தார். முதலாளி ஒரு டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்திருந்தார், 'பேசினால் பதில் சொல்கிறார்' என்று. அக்கா கோடு போட்ட தாளை அதிகாரி தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா மேஜையிலிருந்த செய்தித்தாளை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். "இத வச்சு வாய மறச்சுக்கிட்டு இவர்கிட்ட ஏதாவது பேசுங்கய்யா. ரோஷம் வர்ற மாதிரிப் பேசுங்க. நடிக்கிற ஆளுன்னா மூஞ்சில தெரிஞ்சிரும்ல."

தாள் உயர்ந்தது. ஏதோ சத்தம் வந்தது. பேர் கேட்கிறார் என்று நினைத்தேன். சிரித்த முகமாக, "பாண்டிங்கய்யா" என்று கும்பிட்டேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குமாஸ்தா தலை குனிந்துகொண்டார். என் காது போனது உண்மை, தறியால்தான் போனது என்று உத்தரவு வந்தது.

படியிறங்கும்போது, தாளுக்குப் பின்னால் முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். வேண்டாம் என்றார் அக்கா. நான் விடவில்லை. எனக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லும் உதட்டில் தெரியும்படி நிதானமாகச் சொன்னார். என் அம்மாவைப் பற்றியது. ஒரு மாதம் அக்கா முகத்தில் நான் விழிக்கவில்லை. பிறகு போய், தூண்டில் போட்டீங்க சரி, புழு நான்தானா என்று கேட்டேன். "ஆமா. ஒங்களத்தான் வச்சேன். வேற எதுவும் எங்கிட்ட இல்ல. ஆனா அந்தாள நான் இன்னும் விடல" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு வேலை கொடுத்தார்.

காதுக்குள் பொருந்தும் அச்சு செய்யக் கற்றேன். சட்டைப்பையில் வைக்கிற காது மிஷினுக்கு ஒயர் மாற்றினேன். வாரம் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு திருமங்கலம் போய், அங்குள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க உதவினேன். நானும் ஒரு மிஷின் மாட்டிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து அதே முதலாளி மகனோடு மாடி ஏறி வந்தார். அவர் காதும் போயிருந்தது. படியிலேயே தள்ளிவிடலாம் போலிருந்தது எனக்கு. அக்கா நாற்காலி போட்டார். ஒன்றுக்கு மூன்று முறை பரிசோதித்தார். "இந்தாளுக்கா நான் அச்சு எடுக்கணும்?" என்றேன். "நல்லாப் பாத்து எடுங்க பாண்டி. ஒரு சொல்லு கூடத் தப்பக் கூடாது அவருக்கு." என் வாழ்நாளில் அப்படி ஓர் அச்சு செய்ததில்லை.

மிஷின் மாட்டியதும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. பின்னால் நின்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், மாட்டியவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மழ வருது. பஸ் போயிருச்சு. சாப்பாடு ஆறுது. அக்கா சொன்ன ஐந்தையும் முதலாளி தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். மகன் முகத்தில் சந்தோஷம். ஆறாவதுக்கு அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்றைக்குத் தாளுக்குப் பின்னால் அவர் சொன்னதை, அட்சரம் பிசகாமல், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். மகன் துள்ளி எழுந்துவிட்டான். அவர் பிடரி வேர்த்தது.

"கேக்கல" என்றார்.

"திரும்பச் சொல்லுங்க பாண்டி."

சொன்னேன்.

"கேக்கலம்மா." குரல் உடைந்திருந்தது.

வயசாளியிடம் இப்படியா என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேளுங்கள். அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை, அக்காவும் வெட்கப்பட்டதில்லை.

மயானத்திலிருந்து நேராக நிலையத்துக்குப் போய், அலமாரியிலிருந்து அந்த முதலாளியின் பரிசோதனை அட்டையை எடுத்துவந்துவிட்டேன். அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஐந்து வாக்கியத்துக்கு எதிரே ஐந்து சரி. ஆறாவதுக்கு எதிரே, அக்காவின் உருண்டை எழுத்தில்: 'நன்றாகக் கேட்கிறது. நடிக்கிறார்.'