செருப்பு விட இடமில்லாத வண்டி

வண்டி எங்களிடம் பத்து நாள் இருக்கும் என்பது பேச்சு. பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காம்பார் ஊரிலிருந்து இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் தவணை நீட்ட வழியில்லை.

வண்டியின் சொந்தக்காரர் ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் சீனர். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் என்பதால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் தவுக்கே, முதலாளிதான். உயரக் கூரை கொண்ட ஒரு ஜப்பான் வேனை வாங்கி, தானும் மனைவியும் படுத்து, சமைத்து, ஊர் சுற்றும்படி தன் கையாலேயே மாற்றியிருந்தார். இப்போது இருவரும் மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள்.

வண்டி வேண்டும் என்றவள் என் மனைவி. எனக்கு அப்படி ஆசை எதுவும் இல்லை. நான் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவள் அஞ்சலகத்தில் கவுண்டரில் இருந்தவள். நான் வேலை முடிந்து வந்து படுக்கும்போது அவள் எழுந்துகொள்வாள். அவள் வீடு திரும்பும்போது நான் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டை முப்பது வருடம் ஷிப்டு முறையில் பயன்படுத்தினோம். சேர்ந்து போன பயணங்கள் எல்லாம் கல்யாணமும் சாவும்தான். ஊர் பார்க்கவென்று ஒரு தடவையாவது போகவேண்டும் என்று அவள் சொல்வாள். அடுத்த லீவில் போகலாம் என்று நான் சொல்வேன். அவளுக்கு லீவு வரும்போது எனக்கு இருக்காது, எனக்கு இருந்தபோது அவளுக்கு இல்லை.

வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவள் ஒரு நிபந்தனையை அவளாகவே வைத்தாள்.

“பேப்பருக்கு எழுதுவீங்கல்ல, அந்த மாதிரி எழுதுங்க. நல்லது கெட்டது ரெண்டும். கடசியில நீங்க வேணாம்னு எழுதுனா, நான் அப்புறம் வாயத் தொறக்க மாட்டேன்.”

“நெஜமா?”

“வண்டியப் பத்தி.”

ஒரு குறிப்பேடு வாங்கினேன். வியாழக்கிழமை காலை, கிளம்பும் முன்பே, அளவு நாடாவோடு உள்ளே ஏறினேன். பின்பக்கம் இரண்டு நீளப் பெஞ்சுகள். நடுவில் மேசைப் பலகையை இறக்கி மெத்தைகளைப் பரப்பினால் படுக்கை. இடதுபக்கக் கதவை ஒட்டி ஒரு சின்னத் தொட்டியும் குழாயும். கீழே இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். காற்றை வெளியே தள்ளக் கூரையில் ஒரு விசிறி. அலமாரிக் கதவுகள் எல்லாம் ஓட்டத்தில் திறக்காதபடி கொக்கி போட்டவை. நடுவில் மட்டும் நான் நிமிர்ந்து நிற்கலாம். முன் சீட்டுக்கு உள்ளிருந்தே போக வழி உண்டு. மழையில் இறங்கி ஏற வேண்டாம். இதை ‘நல்லது’ பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன்.

முதல் சண்டை ஏறிய ஐந்தாவது நிமிடத்தில்.

“சப்பாத்தோட ஏறுறீங்களே,” என்றாள். அவள் தன் செருப்பைக் கீழே, படிக்குப் பக்கத்தில், கழற்றி விட்டிருந்தாள்.

“வண்டியில சப்பாத்தோடதான் ஏறுவாங்க. பஸ்ல கழட்டிட்டா ஏறுற?”

“பஸ்ல நான் படுக்குறதில்ல.”

நான் ஷூவைக் கழற்றவில்லை. அவள் ஒரு துணியை நனைத்து, நான் நடந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்தாள். மூன்று எட்டில் முடிந்துவிடும் தூரம்தான்.

முதல் மதியம் சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு மர நிழலில் நிறுத்தி, அவள் சாம்பாருக்குத் தாளித்தாள். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த அடுத்த கணம் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் இருமல். அதை நிறுத்தும் பொத்தானைத் தேடி நான் எழ, கதவைத் திறக்க அவளும் எழ, நடுவில் முட்டிக்கொண்டோம். கருவி ஓய்ந்த பிறகு தவுக்கேயைப் போனில் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூடக் கத்தியதில்லை என்றார் அவர். அவர்கள் வண்டிக்குள் நூடுல்ஸ் போட்ட மீ சூப்தான் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தாளிப்பு மட்டும் வெளியே, மடக்கு மேசையில். கொதிப்பது உள்ளே. மிளகாய் வாடை மெத்தையில் மூன்று நாள் இருந்தது.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்தாக வேண்டும் என்பதால், எழும் முன் அவள் “வாரேன்” என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் காலை மடக்கிக்கொள்வேன். பிறகு நானும் சொல்லத் தொடங்கினேன். பல் துலக்க வாரேன், தண்ணீர் குடிக்க வாரேன். வீட்டில் வாரக்கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத அளவுக்கு ஒரே நாளில் சொல்லிவிட்டோம். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் எழுதிவைத்தேன்.

‘கெட்டது’ பக்கம் வேகமாக நிறைந்தது. பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. விசிறி சூட்டைச் சுற்றிவிடுகிறது, வெளியேற்றவில்லை. கதவில் கொசுவலை சரியாக ஒட்டவில்லை. கழிப்பறை என்று இருப்பது ஒரு பெட்டி. அதைக் காலி செய்வது என் வேலை. மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பேச முடியாது. அவள் மழைச் சத்தத்தை நல்லதில் எழுதச் சொன்னாள். குறிப்பேடு என்னுடையது என்றேன்.

மூன்றாம் நாள் காம்பாரில், பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றின் கரையில் தங்கியிருந்தோம். காலையில் கிளம்பி, பெட்ரோல் போட நின்றபோது அவள் கதவைத் திறந்து காலைக் கீழே நீட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“என் செருப்பு.”

குட்டைக் கரையிலேயே இருந்தது. ராத்திரி வாசலில் விட்ட செருப்பு அங்கேயே கிடக்க, வாசல் மட்டும் புறப்பட்டு வந்துவிட்டது. திரும்பிப் போனபோது ஒன்று கிடைத்தது. மற்றொன்றை நாய் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘செருப்பை மறந்தது – அவள் தவறு.’ அவள் அதைப் படித்தாள். சந்தையில் புதுச் செருப்பு வாங்கினாள். அன்றிலிருந்து ஏறும்போது கழற்றி, என் பத்திரிகையின் பழைய தாள் ஒன்றில் சுற்றி, பெஞ்சுக்கு அடியில் வைத்தாள்.

“எடம் கெடச்சிருச்சே,” என்றேன்.

“இது எடமில்ல. பொட்டலம்.”

ஐந்தாம் நாள் தைப்பிங்கில் பெய்த மழையில் என் சப்பாத்து இரண்டும் ஊறிப்போயின. காயவைக்க வெயில் வரவில்லை. கடைத்தெருவில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் பாகான் செராய்க்கு அப்பால் ஒரு கோயில் திடலில் வண்டியை நிறுத்தினோம். முன்பு ரப்பர் தோட்டம்; இப்போது சுற்றிலும் செம்பனை. பழைய தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நான்கைந்தில்தான் ஆள் இருந்தது. நான் கோயில் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கையுறைத் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஐம்பதை ஒட்டிய வயது.

“பிடிச்சிக்குங்கண்ணே, கோயில் தண்ணிதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” பிறகு வண்டியைப் பார்த்தார். “இதுக்குள்ளயா இருக்கீங்க?”

என் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் ஒரு வாரமாகப் பார்த்ததை அவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டார். கொக்கிகளைத் தூக்கினார், குழாயைத் திறந்து மூடினார், மெத்தையை அழுத்தினார்.

“அடுப்பு இருக்கு, தொட்டி இருக்கு. சாமி எங்கக்கா?”

மனைவி முன் கண்ணாடிக்கு மேல் தான் ஒட்டியிருந்த சின்னச் சாமிப் படத்தைக் காட்டினாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“ஆனா சண்ட வந்தா எங்க போவீங்க?”

“அவரு முன் சீட்டுக்குப் போயிருவாரு.”

“பரவால்ல லா. எங்க வீட்டுக்காரரு அதுக்குக் கடைக்குல்ல போறாரு.”

அவர் போன பிறகும் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் தன் அஞ்சலகக் கதைகளைச் சொன்னாள். ஒரு தபால் தலையை நாக்கில் நனைக்க மறுத்து, அவளையே நனைக்கச் சொன்ன மனிதரைப் பற்றி. தான் எழுதிய கடிதத்தைத் திருப்பித் தரும்படி பெட்டிக்கு முன்னால் நின்று அழுத பெண்ணைப் பற்றி. இரண்டும் நல்ல செய்திகள். எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் வெயிலுக்கு முன் கிளம்பினோம். பின்னாலிருந்து நேராக முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஓட்டினேன். பாகான் செராய் கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடை முன்னால் நிறுத்தி, இறங்கினேன். தார் ரோடு உள்ளங்காலில் பட்டது.

அவள் மறுபக்கம் இறங்கி, பொட்டலத்தைப் பிரித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு சுற்றி வந்தாள். என் காலைப் பார்த்தாள்.

“உங்களோடது எங்க?”

“கோயில்ட்ட.”

“அங்க எப்புடிப் போச்சு?”

“கழட்டி விட்டேன்.”

“வண்டியில ஏறக் கழட்டுனீங்களா?” என்றாள். “பஸ்ல கழட்டுவீங்களா?”

எந்த நாளிலிருந்து கழற்றுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். செருப்பு வாங்கிய நாளிலிருந்து இருக்கலாம். முடிவெடுத்துச் செய்த ஞாபகம் இல்லை. பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தவன் இதைப் பார்க்கவே இல்லை.

நான் வெறுங்காலோடு காப்பி குடித்த பிறகு கோயிலுக்குத் திரும்பினோம். கோயில் படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தூக்குச் சட்டி. என் செருப்பு இரண்டும் வெயில் படாமல் படியோரம் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன.

“தோச கொண்டாந்தேண்ணே. வெளிய செருப்பு கெடக்கு, உள்ள ஆளு இருக்குன்னுதான வருவோம்? தூரத்துலருந்தே அண்ணே, அக்கான்னு கூப்புட்டுக்கிட்டே வாரேன். கிட்ட வந்து பாத்தா வீட்டக் காணோம் லா.”

மனைவி படியில் உட்கார்ந்து சிரித்தாள். நான் தோசையை நின்றுகொண்டே சாப்பிட்டேன். சட்னியில் மிளகாய் அதிகம்.

சனிக்கிழமை ஈப்போ திரும்பியாயிற்று. மாலையில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அறிக்கையை வாசித்தேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். சூடு, கொசுவலை, கழிப்பெட்டி, தகரச் சத்தம் என்று ஒன்றையும் விடாமல் வாசித்தேன். துணி மடிக்கும் அவள் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. கடைசியாக வாசித்த வரி: ‘செருப்பு விட இடமில்லை – வண்டியின் குறை.’

“அந்தப் பக்கத்தக் காட்டுங்க,” என்றாள்.

காட்டினேன். மூன்றாம் நாள் எழுதிய ‘செருப்பை மறந்தது – அவள் தவறு’ என்பதை எட்டாம் நாள் கோடு போட்டு அடித்து, மேலே இந்த வரியாகத் திருத்தியிருந்தேன்.

“நான் மறந்தப்ப என் தப்பு. நீங்க மறந்தப்ப வண்டியோட கொற.”

“திருத்துறது துணையாசிரியர் வேல.”

“சரி, முடிவு எங்க?”

முடிவு எழுதவில்லை என்றேன். அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். படிக்குப் பக்கத்தில், கதவின் உட்புறம் கீழே, ஒன்பது அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் வெற்றிடம் இருந்தது. இரண்டு ஜோடியைச் செங்குத்தாகச் செருகும் ஒரு தட்டு அதில் நிற்கும். கதவைச் சாத்தினால் கூடவே வந்துவிடும். சிம்பாங் பூலாய் ரோட்டுக் கடையில் அப்படி ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பார்த்திருந்தேன். கடை மூடுவதற்குள் போய் வாங்கிவந்தேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓட்ட போடணும்ல இதுக்கு? அவங்க வண்டியில நாம ஓட்ட போடக்கூடாது.”

“நாளைக்குப் போடுறேன்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தவுக்கே வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். அவர் வெளியே வந்தார், ஆனால் சாவிக்காகக் கையை நீட்டவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார். நான் அவரிடம் துளை போடும் மெஷினை இரவல் கேட்டேன். எதற்கு என்றார். கதவில் மாட்ட என்று தட்டைக் காட்டினேன். அவருடைய மனைவி அதைப் பார்த்துவிட்டு, அவர்கள் செருப்பை ஸ்டீரிங்கில் மாட்டி வைப்பார்கள், அப்போது மறக்காது என்று மலாயில் விளக்கினார். என் மனைவி ஸ்டீரிங்குக்கு நேரே, முன் கண்ணாடிக்கு மேலிருந்த சாமிப் படத்தைப் பார்த்தாள். பிறகு, தட்டே இருக்கட்டும் என்று அவரிடம் மலாயில் மரியாதையாகச் சொன்னாள்.

“கதவில் துளை போட்டால் காம்பார்க்காரர் கேட்பாரே,” என்றார் தவுக்கே மலாயில்.

“அவரிடம் வண்டி விற்றாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்,” என்றேன்.

அவர் உள்ளே போய் மெஷினைக் கொண்டுவந்தார். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, தட்டை இரண்டு கையாலும் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“நேராப் போடுங்க,” என்றாள்.

முதல் துளை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதை எழுதிக்கொள்ளவில்லை.