நாலரைக் கட்டை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். காகிதத்தில் எழுதினால் வரி மேலே ஏறிப் போகும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதெல்லாம் இப்போது குழம்புகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழம்பவில்லை. அதை எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளில், எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஒரு நாடகக் கம்பெனியில் இருந்தேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிற ஊர்களில் சுற்றிய கம்பெனி. அம்மா செத்த வருஷம் சித்தப்பா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கம்பெனியை நடத்தியவரை வாத்தியார் என்போம். எனக்குத் தோழி வேஷம். ராணி அழுதால் நானும் அழ வேண்டும். ராணி மயங்கினால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பேச்சு அதிகம் கிடையாது. என் கூச்சத்துக்கு அது போதும் என்று வாத்தியார் சொல்வார். எனக்குப் போதவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

ராணி வேஷக்காரியை எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். நாற்பதை நெருங்கியிருந்தாள். கம்பெனியை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அக்காவை நல்லவள் என்று எழுத மாட்டேன். மேடையில் நான் அரை அடி முன்னால் நின்றுவிட்டால், சிரித்த முகம் மாறாமல் என் முந்தானைக்குள் கைவிட்டுக் கிள்ளுவாள். உள்ளே வந்ததும் பேச்சு வேறு. "ஏம் புள்ள, எம் மூஞ்சிக்கு முன்னால உம் மூஞ்சிய நீட்டறே? சனம் உன்னையப் பாக்கவா வந்திருக்குது?" ஆனால் பாட்டு என்று வந்தால் அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. எங்கள் கம்பெனிக்கு மைக் கிடையாது. ஆயிரம் பேருக்குப் பின்னால் கடலை விற்கிறவனுக்கும் அவள் குரல் கேட்கும்.

பாட்டுக்காரர்களின் உயிர் ஆர்மோனியப் பெட்டிக்காரர் கையில் இருந்தது. அவர் எந்தக் கட்டையில் சுதி வைக்கிறாரோ அதில்தான் பாட வேண்டும். கட்டை ஏற ஏறக் குரலையும் மேலே தூக்க வேண்டும். அக்காவுக்கு வழக்கம் ஐந்து கட்டை. உடம்புக்கு முடியாத நாளில் திரைக்கு உள்ளே இருக்கும்போதே ஆள் அனுப்பிக் குறைக்கச் சொல்லலாம். முதல் அடி பாடி வெளியே வந்துவிட்டால் பிறகு கேட்கக் கூடாது. மேடையில் நின்று சுதியைக் குறைக்கச் சொன்னவள் அத்தோடு முடிந்தாள் என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் அது எழுதாத சட்டம். அதேபோலப் பெட்டிக்காரர் சொல்லாமல் கட்டையை மாற்றினால் அவரையும் வாத்தியார் அன்றைக்கே அனுப்பிவிடுவார். அதுவும் சட்டம்தான்.

மலைக்குப் போகும் முன்பு கொழிஞ்சாம்பாறையில் ஆடினோம். அங்கே பெட்டிக்காரருக்கு ஓர் இடத்தில் விரல் வழுக்கிவிட்டது. அக்கா பாட்டை நிறுத்தினாள். இடுப்பில் கைவைத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க பெட்டிக்காரரே, வெரலு தூங்கிப்போச்சுங்களா? வந்து எழுப்பிவுடட்டுங்களா?"

கொட்டகையே சிரித்தது. பெட்டிக்காரரும் சிரித்தார். அவர் சிரித்ததால் அது முடிந்துபோனது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அதன்பிறகு உடுமலை வழியாக லாரியில் மலை ஏறினோம். தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். ராத்திரி நாடகம் வேண்டாம் என்று தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டாராம். கங்காணி வந்து விவரம் சொன்னார். "ராத்திரி முழிச்சா காலைல பெரட்டுக்கு ஒருத்தன் வரமாட்டான். ஞாயித்துக்கெழம பகல்லயே ஆடிட்டுப் போங்க." பெரட்டு என்றால் காலையில் ஆளெடுத்து வேலைக்கு அனுப்புவது.

பகலில் ஆடுவது எவ்வளவு கொடுமை என்று ஆடினவர்களுக்குத்தான் தெரியும். விளக்கு வெளிச்சத்துக்குப் பூசுகிற பவுடர், வெயிலில் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி தெரியும். ஜரிகை என்று ஒட்டியதெல்லாம் தகரம் என்று தெரிந்துவிடும். அக்காவின் கழுத்து மடிப்பில் பவுடர் கோடு கோடாகப் பிளந்து நின்றது. மலைக் குளிரில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஏறி வந்ததில் காதும் அடைத்திருந்தது. திரைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மிணி, பெட்டிக்காரர்கிட்டப் போயி, அக்காளுக்கு ஒடம்பு சரியில்ல, இன்னிக்கு நாலரை வெக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. சத்தமாச் சொல்லிப்போடாதே."

நான் போய்ச் சொன்னேன். பெட்டிக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"அவளே சொன்னாளா?"

"ஆமாங்க."

"சரி. கொறச்சாச்சுன்னு போய்ச் சொல்லு. நான் ஆறு வெக்கப்போறேன்."

நான் நகராமல் நின்றேன். டோலக்குக்காரர் தலையைக் குனிந்து டோலக்கின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன முழிக்கறே? தோழி வேஷத்துலயே கெழவியாகிப்போறதுன்னு இருக்கறயா?"

திரும்பி வந்தேன். ஏழெட்டுத் தப்படி இருக்கும். அதற்குள் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

"கொறச்சாச்சுங்கக்கா."

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு முதல் அடியை எடுத்தாள். எடுத்த உடனே அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனால் கால் வெளியே வைத்தாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த கொழுந்து கிள்ளுகிற பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"ஏட்டி, ராணியப் பாரு. எங்க மாமியாளுக்கு அக்கா மாதிரி இருக்கா."

"ராணியில்லட்டி, ராசாவப் பெத்தவளாக்கும்!"

அதைக்கூடத் தாங்கியிருப்பாள். மூன்றாவது அடியில் மேலே போகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பொடியன் ஆடு மாதிரி கத்தினான். உடனே பத்துப் பேர் கத்தினார்கள். அக்கா விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் ஏறினாள். மறுபடியும் பிளந்தது. பெட்டிக்காரர் அந்த அடியையே திரும்பத் திரும்ப வாசித்து அவளை அங்கேயே நிறுத்தினார். ராஜா செத்துக் கிடக்க ராணி புலம்புகிற கட்டம் வந்தபோது அவளிடம் சத்தமே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. செத்துக் கிடந்த ராஜாவுக்கே சிரிப்பு வந்து வயிறு குலுங்கியது.

கங்காணி நாற்காலியிலிருந்து திரும்பினார். "வாத்தியாரே, எங்க லயத்துப் பொம்பளைக இதவிட நல்லா ஒப்பாரி வைப்பாளுக."

வாத்தியார் எழுந்து உள்ளே ஓடி வந்தார். என் தோளைப் பிடித்து அழுத்தினார். "உள்ளருந்து நீ பாடு. அவ வாய அசைக்கட்டும்."

நான் பாடினேன். பெட்டிக்காரர் எனக்கு நாலரை வைத்தார். அக்கா கேட்ட அதே நாலரை. எத்தனையோ நாள் பக்கத்தில் நின்று கேட்ட புலம்பல், ஒரு சொல் தப்பவில்லை. வெளியே அக்கா வாயைத் திறந்து திறந்து மூடினாள். சனத்துக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"உள்ள பாடுத புள்ளய வெளிய விடுங்கய்யா!"

வாத்தியார் திரையை இழுத்தார். அக்காவின் தலையில் இருந்த தகரக் கிரீடத்தைக் கழற்றினார். அது முடியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது, அவிழ்க்க நேரமில்லை. கொத்து முடியோடு வந்தது. அக்கா கத்தியிருப்பாள். சத்தம் வரவில்லை. அந்த முடி ஒட்டிய கயிற்றையே என் தலையில் இறுக்கிக் கட்டினார்கள். வெளியே போனேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

மறுநாள் காலையில் ஏலப்பாறைக்குக் கிளம்ப வேண்டும். லாரி வந்து நின்றது. அக்காவுக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு வீட்டில் படுத்திருந்தாள். நானும் வாத்தியாரும் போனோம். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மூச்சாலேயே பேசினாள்.

"நெசத்தச் சொல்லு கண்ணு. அவன் வெச்சது நாலரைதானா? எனக்கு ஆறு கட்டையாட்டத் தெரிஞ்சுது."

வாத்தியார் வாசலில் நின்று என் வாயைப் பார்த்தார். நான் ஆறு என்று சொன்னால் பெட்டிக்காரர் போவார், அக்கா லாரியில் ஏறுவாள், தொண்டை பத்து நாளில் சரியாகும், நான் மறுபடியும் தோழியாகிவிடுவேன். இது எல்லாம் அப்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயத்தில் பொய் சொன்னேன் என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பயம் கொஞ்சம்தான்.

"நாலரைதானுங்கக்கா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். உங்களுக்குத்தான் காது சரியில்லீங்க."

அக்கா ஒரு காதை உள்ளங்கையால் பொத்தினாள், எடுத்தாள். மறு காதைப் பொத்தினாள், எடுத்தாள். நான் சொன்னதை நம்பினாள். குரல் போனவள் திரும்பி வரலாம். சுதி கேட்காத காதை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனிக்குப் போவாள்?

"எட்டு நாள்ல வந்து கூட்டிக்கறோம்" என்றார் வாத்தியார். அந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கூட்டிட்டுப் போவீயளா, இல்ல விட்டுட்டுப் போறீயளா, தாயி?" நான் லாரிக்கு நடந்தேன்.

எட்டு நாளில் யாரும் போகவில்லை. ஏலப்பாறையிலும் மற்ற இடங்களிலும் நான்தான் ராணி. பெட்டிக்காரர் கடைசிவரை எனக்குக் கட்டையை ஏற்றவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் அடி எடுக்கும் முன் அவர் விரல் எங்கே இருக்கிறது என்று திரை இடுக்கில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அவருக்கும் அது தெரியும். விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். சில வருஷம் கழித்து, மலைக்குப் போய்வந்த வேறொரு கம்பெனிக்காரர் சொன்னார்: அக்கா அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து கிள்ளுகிறாளாம். வேலை செய்யும்போது பெண்கள் பாடினால் இவளையும் பாடச் சொல்வார்களாம். "எனக்குச் சுதி கேக்காதுங்க" என்று சொல்லிவிடுவாளாம்.

இதில் பிழை இருக்கும். அந்தத் தோட்டம் தேவிகுளத்துக்குக் கீழேயா, பள்ளிவாசல் பக்கமா என்பது எனக்கு நிச்சயமில்லை. தை மாதமா மாசியா என்பதும் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது பார்த்துச் சரிசெய்ய வேண்டும். லயத்தில் பழையவர்கள் இருந்தால், கிழக்கே இருந்து வந்து அங்கேயே தங்கிப்போன நாடகக்காரி ஒருத்தி எத்தனை காலம் இருந்தாள், எப்படிப் போனாள் என்று விசாரியுங்கள். காது கெட்டுப்போனவள் என்று அவளைப் பற்றி யாராவது சொன்னால், அது தப்பு என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.