டெல்லியிலிருந்து அக்கா வந்த மத்தியானம்

அம்மா இறந்த அன்று காலை ஐந்தரை மணிக்கு டெல்லியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். தூக்கத்திலேயே அம்மாவின் மூச்சு நின்றுபோயிருந்தது. அக்கா அழவில்லை. "நான் வர்றேன், எடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் ஒன்பது மணிக்கெல்லாம் பந்தல் போட்டாகிவிட்டது. பன்னிரண்டுக்கு எடுத்துவிடலாம் என்று அப்பா பங்காளிகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா வந்துட்டிருக்குதுங்கப்பா. ரெண்டு மணி வரைக்கும் பொறுக்கலாமுங்க" என்றேன்.

"ரயிலு ரெண்டு ராத்திரி ஓடோணும்டா. அதுவரைக்கும் உங்கம்மாளை இப்படியே போட்டு வெக்கறதா?"

"பிளேன்ல வருதுங்க."

அவர் காதில் வாங்கவே இல்லை. பெரிய மாமாதான் பேசி நிறுத்தி வைத்தார்.

ஒன்றே காலுக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அக்கா அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓயும்வரை நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம் அருகில் போனார்.

"முந்தாநேத்தே கெளம்பிட்டயா கண்ணு? உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"இல்லீங்கப்பா. காத்தால தம்பி சொல்லித்தான் தெரியும். எட்டு மணி பிளேனுங்க."

"கோயமுத்தூருக்கு எத்தன நேரம்?"

"மூணு மணி நேரமுங்க."

"மூணு மணி நேரமா?"

பஸ் மாறிப் பழனிக்குப் போகவே அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒருக்காப் போயி அவ ஊட்டைப் பாத்துட்டு வந்துரலாமுங்க." ஒவ்வொரு முறையும் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார். "ரெண்டு ராத்திரி ரயில்ல உக்கார உன்ற முட்டிக்கு ஆகாது." அக்காவும் மே மாதம் பிள்ளைகளோடு ரயிலில்தான் வருவாள். அதனால் அவருக்கு டெல்லி என்றால் இரண்டு ராத்திரி.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாடா?"



"தெரியுமுங்க."

அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

எனக்குத் தெரியும்தான். இரண்டு வருடத்துக்கு முன்பே, கோவையிலிருந்து டெல்லி எவ்வளவு தூரம், பிளேனில் எத்தனை மணி நேரம் என்று போனில் தேடிப் பார்த்திருந்தேன். அப்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆபீசில் லீவு கேட்க வேண்டும், தோட்டத்துக்கு ஆள் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படித்தான் அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து அக்கா கிளம்பியபோது அப்பாவையும் கூட்டிப்போனாள். விமான நிலைய வாசலில் அக்கா மட்டும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். மத்தியானம் அவள்தான் போன் செய்தாள்.

"வந்து சேந்துட்டம். அப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை."

நான்கு மாதம் அங்கே இருந்தார். ஞாயிறுதோறும் கூப்பிடுவேன். தென்னைக்குத் தண்ணி பாய்ச்சினாயா என்று கேட்பார். பாய்ச்சிட்டேனுங்க என்பேன். போனை அக்காவிடம் கொடுத்துவிடுவார்.