மூன்று முறை ஞானஸ்நானம் பெற்றவர்

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுப்பது அவர் தொழில். பழக்கடைக்கு மேலே மாடியில் ஒரு நீளமான அறை. சுவரோரம் பிளாஸ்டர் அச்சுகள், மேசையில் மெழுகு, மூலையில் ராவுகிற மெஷின். அவர் செய்து அனுப்பிய பல்செட் இம்மி பிசகாது. தெருவில் எல்லாருக்கும் அவர் பல்செட்காரர். சபையில் மட்டும், முதுகுக்குப் பின்னால், 'மூணு முழுக்கு'.

அந்தப் பேர் சும்மா வரவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு கூட்டத்தில் அழுது, பாவத்தை அறிக்கையிட்டு, இயேசுவை ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரமே வேலையில் ஓர் அச்சைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டு, "வரும்போதே விரிசல் இருந்துச்சு" என்று முதலாளியிடம் பொய் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார், பரலோகத்தில் எழுதிய பேரை அழிக்கவும் முடியும் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்கே மறுபடியும் முன்னால் போய் முழங்கால் போட்டார்.

அந்தப் பயம் அதன்பிறகு நாற்பது வருஷம் தெளியவே இல்லை. ரட்சிக்கப்பட விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும் முதல் ஆளாக எழுந்து போவார். ஒரு கோபம், ஒரு பொய், ஒரு கெட்ட நினைப்பு போதும், கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். சபை மாறும்போதெல்லாம், பழைய ஞானஸ்நானம் செல்லுமோ செல்லாதோ என்று இன்னொரு முறை தண்ணீரில் முழுகி எழுந்தார்; அப்படி மூன்று முழுக்கு ஆயிற்று.

அவர் மனைவிக்கு இந்த உபத்திரவமே கிடையாது. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவர். எதையும் எடுத்த இடத்தில் வைக்கிற மனுஷி.

"பதினாலு வயசுல இயேசுகிட்ட ரட்சிப்பைக் கேட்டேன், கொடுத்தாரு. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குற ஆளா அவரு?" என்பார்.

"இவ்வளவு தைரியம் ஆகாது. அப்போ இஷ்டத்துக்கு வாழலாமா?"

"இஷ்டத்துக்கு வாழணும்னு எனக்கு எங்கங்க தோணுது? உங்க பொண்ணு தப்பு பண்ணா, பொண்ணே இல்லைன்னு எழுதிடுவீங்களா?"

அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்ததனால் அன்றைக்கும் பயம்.

பயத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மகளுக்கும் பங்கு வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போக ஷூ மாட்டுகிற பிள்ளையை நிறுத்தி, "இன்னிக்கு செத்தா எங்க போவ?" என்று கேட்பார். அவள் வளர்ந்து, கூரியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, தனி வீடு பார்த்துப் போனபோது சபைக்கு வருவதையும் நிறுத்தினாள். வாசலில் வைத்து அவளிடம், "நீ ஒருநாளும் ரட்சிக்கப்பட்டவளே இல்ல" என்றார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். ஆறு வருஷம் அம்மாவிடம் மட்டும் போனில் பேசினாள்.

அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மகள் வந்தாள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் மூச்சு மாறியது. மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"பக்கத்துல உக்காருங்க."

"ஒரு தடவை அறிக்கை பண்ணிடும்மா. மறந்துபோன பாவம் ஏதாவது இருந்தா..."

"அதெல்லாம் என்னைக்கோ முடிஞ்சிருச்சுங்க. நீங்க உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "போதகரைக் கூட்டிட்டு வந்துடறேன், ஒரு ஜெபம் பண்ணிட்டா நிம்மதி" என்று செருப்பை மாட்டினார். "அப்பா, போகாதீங்கப்பா" என்று மகள் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் போனார்.

பஸ் வரத் தாமதம். போதகர் சபைக் கட்டடத்தில் மைக் ஒயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து சேர முக்கால் மணி நேரம். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுவாரம் போதகர் மாடியறைக்கு வந்தார்.

"உங்ககிட்ட நான்தான் மன்னிப்பு கேக்கணும். ஒவ்வொரு தடவை நீங்க முன்னால வந்தப்பவும், 'இது ஏற்கெனவே ஆயிடுச்சு, போய் உக்காருங்க'ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஆள் எழுந்து வந்தா எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அவ எப்படி அவ்வளவு நிச்சயமா இருந்தா?"

"தன் பிடியை நம்பி இல்லங்க. குழந்தை நம்ம விரலைப் பிடிச்சா நழுவிடும். நாம குழந்தை மணிக்கட்டைப் பிடிச்சா? அவங்க தன்னைப் பிடிச்சிருந்தவரை நம்புனாங்க. நீங்க உங்க பிடியையே பாத்துட்டு இருந்துட்டீங்க."

அடுப்பில் வைத்திருந்த மெழுகை அவர் மறந்துவிட்டார். அது அப்படியே கரிந்தது. அன்றைக்கு அவருக்குப் பெரிய வெளிச்சம் ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளில், பொழுது விடிந்ததும் 'இன்னிக்கும் ரட்சிக்கப்பட்டவன்தானா' என்று நெஞ்சைத் தடவித் தடவிப் பார்க்கிற பழக்கம் தானாக விட்டுப்போனது. தான் எங்கே போவோம் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகமில்லை. அந்த மத்தியானம் தான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் குடைந்தது.

ஒரு சனிக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முக்கால் மணி நேரம் அம்மா என்ன பண்ணாம்மா?"

அவள் மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "தலை வாரிவிடச் சொன்னாங்க. லைப்ரரியில ஒருத்தர் பூனையைத் தூக்கிட்டு வந்த கதையைச் சொல்லிச் சிரிச்சாங்க. ரெண்டு தடவை, அப்பா வந்துட்டாரான்னு கேட்டாங்க."

"பயந்தாளா?"

"இல்லப்பா. உங்களை நினைச்சுத்தான் கவலைப்பட்டாங்க. 'பாவம், அலையுறாரு'ன்னாங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு வாசல்ல உன்கிட்ட சொன்னேனே... அதைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல. தப்பு. மன்னிச்சிரும்மா."

அவள் ஒரு போர்வையின் மறுமுனையை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு நாளாகும்ப்பா. இதைப் பிடிங்க, தனியா மடிக்க வரல."

இருவருமாக அந்தப் போர்வையை மடித்தார்கள். அவருக்கு ஓரம் சரியாகச் சேரவில்லை. அவள் வாங்கி, இன்னொரு முறை மடித்து வைத்தாள்.