பார்க்கப் போன குற்றம்

காட்டுப்பாக்கம் நாகவல்லிக்கு ஒரு பழக்கம். தெருவில் யாருக்கு அடிபட்டாலும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவாள். அடிபட்டவள் அவளோடு முந்தாநாள் குழாயடியில் சண்டை போட்டவளாக இருந்தாலும் சரி. போய்ப் பார்க்காமல் இருப்பதைவிடப் பெரிய திமிர் கிடையாது என்பது அவள் கட்சி. எண்பத்தொன்பதாம் வருஷம் அந்தப் பழக்கமே அவள் தலையில் மண்ணைப் போட்டது.

புருஷன் வீராசாமி டெம்போ ஓட்டுகிறவன். குடிக்காத வரைக்கும் தங்கமான மனுஷன். ஒருநாள் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வண்டியை எடுத்து, கரையான்சாவடியில் உத்தமன் என்பவரின் சைக்கிளை இடித்தான். இடித்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "கண்ணு தெரியலியா?" என்று கேட்டவரை ஜாக்கி ராடால் அடித்துத் தோள்பட்டையை உடைத்தான். குடித்துவிட்டு ஓட்டியதோடு அடிதடிக் கேஸும் சேர்ந்துகொண்டது.

ஜாமீனுக்கு நாகவல்லி நாய்படாத பாடு பட்டாள். கிடைத்தபோது வக்கீல் ரகுநாதன் கண்டிப்பாகச் சொன்னார். "தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும். உத்தமன் வீட்டுப் பக்கமே போகக்கூடாது. சாட்சியைக் கலைச்சதா ஆயிடும்." நாகவல்லி தலையாட்டினாள். மிரட்டப் போகிறவனுக்குத்தானே அந்தச் சட்டம், மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்கு என்ன என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புருஷனைக் கிளப்பினாள்.

"வேணாம் நாகு, வக்கீலு இன்னா சொன்னாரு?"

"அடிச்சிட்டு மூஞ்சியக்கூட காட்டாம கீறியே, வெக்கமா இல்ல? வாய்யா!"

உத்தமன் வீட்டில் வீராசாமி காலில் விழுந்து அழுதான். உத்தமனின் மனைவி சுசீலா டீ போட்டுக் கொடுத்தாள். நாகவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அவர்கள் வெளியே வரும்போது, ஸ்டேஷனில் வீராசாமியிடம் கையெழுத்து வாங்கும் போலீஸ்காரர் பார்த்துவிட்டார். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போனது.

கோர்ட்டில் உத்தமனே தோள்கட்டோடு வந்து, "மிரட்டலீங்க ஐயா, ஊட்டுக்கு வந்து மன்னிப்புதான் கேட்டாங்க" என்றார். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுவரை போலீஸ்காரர் சொல் மட்டுமே இருந்தது. இப்போது அவர்கள் வீட்டுக்குப் போனது உறுதியாகிவிட்டது. எதற்காகப் போயிருந்தாலும் நிபந்தனையை மீறியது மீறியதுதான் என்று நீதிபதி ஜாமீனை ரத்து செய்தார்.

"நான்தான் இட்டுகினு போனேன் ஐயா! என்னைப் புடிங்க!" என்று நாகவல்லி கத்தினாள். டவாலி போட்ட கோர்ட் சேவகர் அவளை வெளியே அனுப்பினார்.

போலீஸ் வேனில் ஏறுமுன் வீராசாமி கிழிகிழியென்று கிழிப்பான் என்று எதிர்பார்த்து நின்றாள். கிழித்திருந்தால் தேவலை.

"ஜெயிலாண்ட வராத நாகு," என்றான் மெதுவாக. "நீ வந்தா இன்னும் எதுனா ஆயிடும்."

அவன் குரலில் பயம் இருந்தது. அவளிடமே பயம். அதைத்தான் நாகவல்லியால் தாங்க முடியவில்லை.