ஒன்பது பிள்ளைக்கும் ஒரே பாடம்

சுலக்ஷனா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில். என் தங்கை ராக்காயியின் மகன் கணேசமூர்த்திக்குப் பெண் பிறந்திருந்தது. "சுலக்ஷனான்னு வைக்கிறோம் பெரியம்மா" என்றான். எங்கள் வழியில் அப்படி ஒரு பெயர் கிடையாது. "இது யாரு பேருடா? நம்ம ஆளுகள்ல யாருக்காச்சும் இருந்திச்சா?" என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல. அதான் வச்சோம்" என்றான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டில்தான் பிள்ளை வளர்ந்தாள். கணேசமூர்த்திக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவான். தாய் நிஷாந்தி கொழுந்து எடுக்கிறாள். அவள் நல்லதண்ணிப் பக்கத்துப் பெண். அவளுடைய தாய்க்கு என் நாத்தனார் ஒன்றுவிட்ட அக்காள் முறை. அந்த வழியில்தான் சம்பந்தம் பேசினோம்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது பாடமெல்லாம் போனில் வந்தது. நிஷாந்தியின் போனில் கண்ணாடி உடைந்து பாதி எழுத்துத் தெரியாது. பிள்ளை அதை வைத்துக்கொண்டே படித்தாள், போனுக்குள் இருக்கிறதையெல்லாம் துருவினாள். பிறகு போனில் பதிந்து கியூஆர் எடுக்காமல் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடைக்காத வருஷம் வந்தது. எங்கள் தோட்டத்து ஆட்டோக்காரர்கள் மூன்று பேருக்கும் அவள்தான் பதிந்து கொடுத்தாள். அப்போது வயது பதினான்கு.

அந்தப் படிப்பு வருஷம் முடிகிறபோது பத்தாம் ஆண்டுக்குப் பாடம் தெரிவு செய்யும் ஃபாரம் கொடுத்தார்கள். விவசாயம், மனைப்பொருளியல், தகவல் தொழில்நுட்பம் என்று சில பாடங்கள். அவற்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை ஒன்று உண்டு. படிப்பிக்க ஆள் இல்லாமல் மூன்று வருஷம் பூட்டியே கிடந்தது. அந்த வருஷந்தான் ஹட்டனிலிருந்து ரிஸ்னா டீச்சர் வந்திருந்தார். டவுனில் கடை வைத்திருக்கிற இப்றாஹிம் முதலாளியின் மகள். பதினைந்து பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் வகுப்புத் தொடங்கலாம், இல்லாவிட்டால் தன்னைக் கணக்குப் படிப்பிக்கப் போட்டுவிடுவார்கள், அறை மறுபடி பூட்டுத்தான் என்று பிள்ளைகளிடம் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பெற்றோர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வேலை நாளில் கூட்டம் வைப்பார்கள். போனால் அன்றைய பேர், நாள் சம்பளம், போய்விடும். அதனால் எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்குமாக ஒருத்தியைத்தான் அனுப்புவோம். அவள் அம்மாக்கண்ணு. என் கொழுந்தனின் மூத்த மருமகள். முழங்கால் வலியால் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வேலையை விட்டவள். சிங்களம் நன்றாகப் பேசுவாள். கிராம சேவகரிடம் போவதென்றாலும் ஆஸ்பத்திரி கிளினிக் என்றாலும் அவள்தான். நிவாரண அரிசி, மாவு வந்தால் லயத்துக்குப் பங்கு வைப்பதும் அவள்தான்.

கூட்டத்துக்கு முதல் நாள் சுலக்ஷனா தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்து அம்மாக்கண்ணுவிடம், "பெரியம்மா, எனக்கு கம்ப்யூட்டர்னு போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறாள். "சரி சரி" என்று அவளும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருடைய ஃபாரத்திலும் விவசாயம் என்று அடையாளம் போட்டு, ஒன்பது கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கம்ப்யூட்டருக்குப் பதின்மூன்று பேர். எல்லாரும் பஜாரிலும் மற்றத் தோட்டங்களிலும் இருந்து வருகிற பிள்ளைகள். சுலக்ஷனாவின் பெயர் விவசாயத்தில் இருந்தது. மாற்றுவதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும். கையெழுத்து வைத்தவரே வந்து மாற்ற வேண்டும். தன் பெயரை மாற்றினாலும் பதினான்குதான் ஆகும், இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று சாயந்தரமே அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பெரியம்மா, நா ஒங்ககிட்ட சொன்னேன்தானே?"

"சொன்ன. அதுக்கு? எட்டுப் புள்ளைக்கி ஒண்ணு, ஒனக்கு மட்டும் வேறன்னு போட்டா லயத்துல என்னா பேசுவாங்க? கணேசன் மகளுக்கு மட்டும் தனியா பாத்தேம்பாங்க."

"யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஒனக்கென்னாடி தெரியும்? மண்ணெண்ண பங்கு வச்சப்ப அடுத்த வீட்டுக்கு அரப் போத்தல் கூடிப்போச்சின்னு ராசம்மா என்னோட ஆறு மாசம் பேசல."

"இது மண்ணெண்ண இல்ல பெரியம்மா."

"எல்லாம் பங்குதான். போ, போயி படி."

வீட்டில் நிஷாந்தியும் அம்மாக்கண்ணு பக்கமே பேசினாள். "நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா? எதுல தட்டிப் படிப்ப? விவசாயம்னா அக்கா அண்ணங்க கொப்பி இருக்கு, பாத்து எழுதி பாஸ் பண்ணலாம். பெயிலாயிட்டு ஏங்கூட கொழுந்துக்கு வரப் போறியா?"  பிள்ளை செவ்வாய்க்கிழமை மறுபடி அம்மாக்கண்ணு வாசலுக்குப் போனாள். புதன்கிழமையும் போனாள்.

மூன்றாம் நாள் அம்மாக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்துனா ஒம்போதையும் மாத்துவேன். ஒனக்கு மட்டும்னா மாட்டேன். போதுமா?"

"சரி பெரியம்மா, ஒம்போதையும் மாத்துங்க" என்றாள் இவள்.

அம்மாக்கண்ணு அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற ஆள் இல்லை. வியாழக்கிழமை முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அங்கே நடந்ததை அவள் ஒரு விதமாகச் சொன்னாள், அவளுடைய மகன் திலக்ஷன் இன்னொரு விதமாகச் சொன்னான். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

"மிஸ், எங்க புள்ளைங்க ஒம்போது பேரையும் கம்ப்யூட்டருக்கு மாத்திருங்க" என்றாளாம் அம்மாக்கண்ணு.

ரிஸ்னா டீச்சருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். "பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களாம்மா?"

"அதுங்ககிட்ட என்னாத்தக் கேக்கிறது? ஒரு லயத்துக்கு ஒரே மாதிரி செஞ்சிட்டாப் பெரச்சின இல்ல."

டீச்சர் ஒன்பது பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். "ஒவ்வொரு ஆளாச் சொல்லுங்க. பக்கத்துல உள்ளவங்க வாயத் திறக்கக் கூடாது" என்றார். முதல் பெண் விவசாயம் என்றாள். அக்காளின் கொப்பி இருக்கிறதாம். அடுத்தவன் விவசாயம். அடுத்தவளும் அதே. ஒருத்தி, "எனக்கு மனைப்பொருளியல்தான் விருப்பம் மிஸ், பெரியம்மா விவசாயம்னு போட்டுட்டாங்க" என்று அழுதுவிட்டாள். அம்மாக்கண்ணுவுக்கு முகம் செத்துப்போயிற்று. ஏழு பேர் முடிந்தும் கம்ப்யூட்டர் என்று ஒரு வாய் சொல்லவில்லை. எட்டாவது சுலக்ஷனா. "கம்ப்யூட்டர்" என்றாள். பதினான்கு ஆயிற்று.

மிச்சம் திலக்ஷன். படிப்பில் பெரிய ஆசை இல்லாத பிள்ளை. சுலக்ஷனா அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"நீங்க சொல்லுங்க தம்பி."

அவன் யோசித்தான். "மிஸ், அந்த ரூம் மழைக்கி ஒழுகுமா?"

"இல்ல, அதுக்கு மேல கொங்கிரீட் சிலப் போட்டிருக்கு. ஏன்?"

"விவசாயம்னா மழையிலயும் ஸ்கூல் தோட்டத்துல புல்லு வெட்ட விடுவாங்கன்னு அண்ணனுங்க சொன்னாங்க. அப்ப நா கம்ப்யூட்டர்."

"தொர வீட்டு மகன், நனைய மாட்டாரு!" என்று அம்மாக்கண்ணு அவன் தலையில் ஒன்று போட்டாள். போட்டுவிட்டு, இரண்டு பேருக்குக் கம்ப்யூட்டர் என்றும் அழுத பிள்ளைக்கு மனைப்பொருளியல் என்றும் மாற்றிக் கையெழுத்து வைத்தாள். மற்ற ஆறும் விவசாயத்திலேயே நின்றன. லயத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

பதினைந்து பேரோடு வகுப்புத் தொடங்கியது. அறையில் இருபது கம்ப்யூட்டர் இருந்தாலும் வேலை செய்தது ஒன்பதுதான். சுலக்ஷனாவும் திலக்ஷனும் ஒன்றில் உட்கார்ந்தார்கள். அவன் பெரும்பாலும் அவளிடமே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பழுதான ஒரு கீபோர்டை டீச்சர் அவளுக்குக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் தட்டித் தட்டிப் பழகுவாள். லயத்துச் சனம், "அடியே, வயரு எங்க போகுது? கொழும்புக்கா?" என்று கேலி செய்யும். "அப்பாவுக்கு எழுதுறேன், பேசாம போங்க" என்பாள்.

பதினோராம் ஆண்டு முடிவில் சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் பாடத்துக்கு ஏ எடுத்தாள். கணக்கில் எஸ், தட்டுத் தடுமாறித்தான் பாஸ். திலக்ஷனுக்குக் கம்ப்யூட்டரில் சி. நிஷாந்தி பெறுபேற்றைப் போனில் பார்த்துவிட்டு, உடைந்த கண்ணாடியில் எழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு எழுத்தே தெரியாது. பிள்ளையையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம்.

இப்போது சுலக்ஷனா ஹட்டனில் ஒரு பாடசாலையில் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறாள். கிழமை நாட்களில் டிக்கோயாவில் தாய்மாமன் விஜிதரன் வீட்டில் தங்கி, பஸ்ஸில் போய் வருகிறாள்.